கழுவாத மேடம்

அந்த அம்மாளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதை நான் எழுதப் போவதில்லை. நாங்கள் வைத்த பெயர் கழுவாத மேடம். வைத்தது நான்தான். எனக்கு வாய் சும்மா இருக்காது.

சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே, சவுக்குத் தோப்புக்குப் பின்னால் ஒரு மணல்மேட்டில் அகழாய்வு நடந்தது. எங்கள் காலனியிலிருந்து கொஞ்சம் பெண்கள் கூலிக்குப் போனோம். குழியில் இறங்கி மண்ணைச் சுரண்டுகிறவர்கள் ஒரு பக்கம், நான் ஓடு கழுவுகிற பக்கம். உடைந்த பானை ஓடுகள் கூடை கூடையாக வரும். டப்பில் தண்ணீர் ஊற்றி, பழைய பல் தேய்க்கிற பிரஷால் தேய்த்து, சாக்கில் பரப்பி, வெயிலில் காய வைக்க வேண்டும். பாதியில் நின்ற எம்.ஏ. தமிழோடு இந்த வேலைக்கு வந்தது அவமானமாக இல்லையா என்று கேட்டவர்கள் உண்டு. நாள் முழுக்க நின்றுகொண்டே புடவை மடிக்கிற ஜவுளிக்கடையைவிட இது எவ்வளவோ தேவலை. உட்கார்ந்த வேலை, கடல் காற்று, ஊர்க்கதை வேறு இலவசம்.

ஒருநாள் காலை ஆட்டோவிலிருந்து இறங்கிய ஒரு பெண்மணி, செருப்பு மணலில் புதையப் புதைய எங்களை நோக்கி ஓடிவந்தார். ஒல்லி உடம்பு, கஞ்சி போட்ட காட்டன் புடவை, தோளில் கனத்த பை. வந்த வேகத்தில் என் கையிலிருந்த பானை அடியைப் பிடுங்கினார்.

“கழுவிட்டீங்களா?”

“கழுவத்தானே கூலி குடுக்கிறாங்க,” என்றேன்.

“ஐயோ, கழுவாதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போவும், கழுவாதீங்க.”

அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாரியம்மா என் விலாவில் இடித்தாள். “இன்னாடி இது, வந்துகினே அழுவுது? பைத்தியம் கியித்தியமா?”

பைத்தியம் இல்லை, வேதியியல். செங்கல்பட்டில் ஒரு கல்லூரிச் சோதனைக்கூடத்தில் அவருக்கு வேலை. மண்பானைக்கு உடம்பெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துளைகளாம். அதில் என்ன சமைத்தார்களோ அதன் கொழுப்பு துளைக்குள் இறங்கி, மண்ணோடு மண்ணாக எத்தனை காலமானாலும் கிடக்குமாம். அதைக் கரைத்து வெளியே எடுத்து, மிஷினில் ஏற்றிப் பிரித்துப் பார்த்தால், அந்தப் பானையில் மீன் வெந்ததா, பால் காய்ந்ததா, எண்ணெய் இருந்ததா என்று சொல்லிவிடலாம். நாங்கள் பிரஷ் போட்டுத் தேய்த்தால் அடியில் ஒட்டிய கரி போயிற்று. கையால் தொட்டாலோ எங்கள் கையே அதில் ஏறிவிடும்.

“தலைக்கு வச்ச தேங்காயெண்ணெய்கூட மிஷின்ல வந்து நிக்கும் அக்கா,” என்றார் என்னிடம். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். நான் மேடம் என்பேன், அவர் அக்கா என்பார். கடைசிவரை அப்படித்தான்.

அன்றிலிருந்து நல்ல அடித்துண்டு கிடைத்தால் கையுறை போட்டுத் தொட்டு, சப்பாத்தி சுற்றுகிற வெள்ளிக் காகிதத்தில் சுற்றித் தனியே வைக்க வேண்டும் என்று உத்தரவு. மாரியம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “ஒடஞ்ச சட்டிக்கு வந்த வாழ்வப் பாரேன்” என்பாள். எனக்கு மட்டும், வெள்ளிக் காகிதத்தை மடிக்கும்போது மேடம் முகத்தில் தெரிந்த ஒன்று பிடிபடாமல் இருந்தது. பிணத்துக்குத் துணி போர்த்துகிறவர்களிடம் அந்த முகத்தைப் பார்த்திருக்கிறேன்.

எந்தப் பாத்திரத்தைப் பார்த்தாலும் அவருக்கு ஒரே கேள்விதான். கடைசியாக இதில் என்ன இருந்தது? யார் ராஜா, எந்தக் காலம், எவ்வளவு விலை போகும் என்பதெல்லாம் மற்றவர்கள் கேட்டது. மேடம் பானை வாய்க்குள் முகத்தை வைத்து மூச்சை இழுப்பார். வாசனை எதுவும் இருக்காது என்று அவருக்கே தெரியும். “பழக்க தோஷம்” என்று அசடு வழிவார்.

திருக்கழுக்குன்றம் தாண்டி உள்ளே ஒரு கிராமத்தில், வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது பெரிய வெண்கல விளக்கு கிடைத்தது என்று சேதி வந்தது. மேடத்தோடு நானும் போனேன். கோயில் மண்டபத்தில் விளக்கு பளபளவென்று நின்றது. குங்குமம், சந்தனம், கழுத்தில் சாமந்தி மாலை. மேடத்துக்கு முகம் செத்துப்போனது.

“கழுவிட்டீங்களா?”

“கழுவாம எப்பிடிம்மா சாமி முன்னால வைக்கிறது?” என்றார் ஊர்ப் பெரியவர். “புளி போட்டுத் தேச்சோம். அப்புறம் பாலு, தயிரு, எளனி எல்லாம் ஊத்தி அபிசேகம். எண்ண ஊத்தற பள்ளத்துல கருப்பா பிசினு கணக்கா அடிச்சிகினு இருந்துச்சும்மா. வருவனான்னு நின்னுச்சு. எம் மருமவதான் கரண்டிக் காம்ப வுட்டு நோண்டி எடுத்துச்சு.”

மருமகள் பெருமையாகத் தலையசைத்தாள்.

“நோண்டினத எங்கம்மா போட்டே?”

“கால்வாயில.”

மேடம் மண்டபத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அந்தக் கருப்புதான் கடைசியாக அதில் எரிந்த எண்ணெய். அவர்கள் மேல் தப்பு சொல்ல முடியுமா? மண்ணிலிருந்து சாமி சாமான் வந்தால் நாமும் அதைத்தான் செய்திருப்போம். புளியை எடுக்கத்தான் முதலில் உள்ளே ஓடுவோம்.

பிறகு எழுந்து, தலைமுடி காயவைக்கிற மிஷின் மாதிரி இருக்கும் ஒரு கருவியை விளக்கின் அடியில் வைத்து அழுத்தினார். கரண்டு அடிக்கும் என்று கூட்டம் பின்னால் நகர்ந்தது. சின்னத் திரையில் எண்கள் ஓடின. “செம்பு, வெள்ளீயம், கொஞ்சம் காரீயம்” என்றார்.

“எத்தினி வருசத்துதும்மா?”

“இத வச்சு வயசு சொல்ல முடியாதுங்க.”

“சும்மா ஒரு ஆயிரம்னு சொல்லேன். போர்டு எழுதணும்.”

“முடியாதுங்க.”

“ஒரு ஐந்நூறு?”

“தெரியலைங்க. தெரியாதத எப்பிடிச் சொல்றது?”

பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. சாப்பிடச் சொல்லிக் கூப்பிட்டிருந்தவர்கள் சாப்பாட்டுப் பேச்சையே விட்டுவிட்டார்கள். திரும்பி வரும்போது, பசி வயிற்றைக் கிள்ள, “ஆயிரம்னு சொல்லியிருந்தா வடை பாயசத்தோட சாப்ட்டிருக்கலாம்” என்றேன். சிரித்தார்.

அகழாய்வுப் பேராசிரியரிடமும் இதே கதைதான். மேட்டில் ஒரு ஈமத்தாழி கிடைத்தது. உள்ளே சின்ன எலும்புகள், பக்கத்தில் உள்ளங்கை அளவில் ஒரு கிண்ணம். கிண்ணத்தின் அடியை மேடம் கொண்டுபோனார். பேராசிரியருக்கு அதில் கப்பலில் வந்த திராட்சை மது இருக்க வேண்டும் என்று ஆசை. பத்திரிகைக்காரர்களுக்கு வாயில் நீர் ஊற வைத்திருந்தார். மேடம் வந்து, “பால் கொழுப்பு சார், வேற ஒண்ணும் தெம்படல” என்றார்.

“மதுவும் இருந்திருக்கலாம் இல்லையா?”

“இருந்திருக்கலாம். எனக்குத் தெம்படல.”

“இருக்கலாம்னு ஒரு வரி சேத்துக்கங்களேன் மேடம். யாருக்கு நஷ்டம்?”

“சேக்க மாட்டேன் சார்.”

அவ்வளவுதான். கத்தவில்லை, விளக்கவில்லை. பேராசிரியர் போனபின் நான் கிண்ணத்தைப் பார்த்தேன். எனக்கும் பெண் குழந்தை உண்டு. “பெத்தவ பால ஊத்தி வச்சிருக்கா பாருங்க மேடம். வழியில பசிக்கும்னு.” அவர் “பால் இருந்துச்சு அக்கா” என்று மட்டும் சொன்னார். பெற்றவள் என்பதைக்கூட அவர் ஒத்துக்கொள்ளவில்லை. நெஞ்சில் ஈரமில்லாத பொம்பளை என்று அன்று மாரியம்மாவிடம் திட்டித் தீர்த்தேன்.

அகழாய்வு முடிந்ததும் என்னைச் செங்கல்பட்டுச் சோதனைக்கூடத்துக்கு உதவியாளாகக் கூப்பிட்டுக்கொண்டார். கண்ணாடிக் குழாய்களைக் கழுவுவது, வெள்ளிக் காகிதத்தைப் பிரிப்பது, பெயர்ச்சீட்டு ஒட்டுவது. அங்கே கழுவலாம், கழுவியே ஆக வேண்டும். ஒரு குழாயில் போன வாரத்துப் பானை ஒட்டியிருந்தால் இந்த வாரத்துப் பானை பொய் சொல்லும் என்பார். ஜன்னலுக்குப் பக்கத்தில் அந்தப் பெரிய மிஷின். சாற்றை ஒரு சொட்டு ஊசியால் உள்ளே விட்டால், சூடாக்கி, ஆவியாக்கி, ஒவ்வொன்றாகப் பிரித்து அனுப்பும். கம்ப்யூட்டரில் நீளக் கோடு ஒன்று ஓடும். ஏதாவது இருந்தால் அந்த இடத்தில் முள்ளாக எழும்பும். இல்லையென்றால் தரையோடு தரையாகப் போகும். பார்த்துப் பார்த்து எனக்கும் பழகிவிட்டது. எந்த முள் எதற்கு என்பது தெரியாது. முள் இருக்கிறதா இல்லையா என்பது யாருக்கும் தெரியும்.

ஊரப்பாக்கத்தில் ஒரு சின்ன வாடகை வீட்டில் தனியாக இருந்தார். ஒருமுறை நாலைந்து நாள் வேலைக்கு வரவில்லை. போன் எடுக்கவில்லை. கஞ்சியும் கருவாட்டுக் குழம்பும் எடுத்துக்கொண்டு ரயில் ஏறினேன். கதவு தாழ் போடாமல் கிடந்தது. கட்டிலில் சுருண்டு கிடந்தார். உடம்பு கொதித்தது. பட்டப்பகல், வெளியே காய்கறி வண்டிக்காரர் கூவிக்கொண்டு போகிறார், இங்கே இவர் கண்ணை மூடியபடி யாருடனோ பேசிக்கொண்டிருக்கிறார்.

“குடிக்காதடி… வைடி கீழ… சொன்னாக் கேளுடி…”

கையைக் காற்றில் நீட்டி எதையோ தட்டிவிட்டார். ஏசப்பா என்று சொல்லிக்கொண்டே நெற்றியில் ஈரத்துணி போட்டேன். ஐஸ் இருக்குமா என்று ஃப்ரிட்ஜின் மேல் அறையைத் திறந்தேன். ஐஸ் இல்லை, கறி இல்லை, ஒன்றும் இல்லை. ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் இன்னொரு கவர், அதற்குள் ஒரு எவர்சில்வர் டம்ளர். அடியில் பழுப்பாக வளையம்.

“அதத் தொடாதீங்க அக்கா!”

எழுந்து உட்கார்ந்திருந்தார். அந்தக் குரலில் நான் கதவைச் சாத்திவிட்டேன்.

கஞ்சி குடித்து, மாத்திரை போட்டு, கொஞ்சம் தெளிந்தபின் அவராகவே சொன்னார். மதுராந்தகம் பக்கம் உள்ளே ஒரு ஊர். விவசாயக் குடும்பம். இரண்டு பெண்கள், இவர் மூத்தவர், ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தார். தங்கை ஊரிலிருந்து கம்பெனி வேலைக்கு பஸ்ஸில் போய்வந்தாள். அந்த பஸ்ஸில் ஒரு பையன்.

“காலனிப் பையன்” என்றார் மேடம். குரல் அந்த இடத்தில் தாழ்ந்தது. எனக்காகத் தாழ்த்தினாரா, பழக்கத்தில் தாழ்ந்ததா? எனக்குச் சுருக்கென்றது.

விஷயம் வீட்டுக்குத் தெரிந்த அன்று அப்பா நடுத்தெருவில் நின்று கத்தினார். செத்துத் தொலைடி, அப்பதான் எனக்கு நிம்மதி என்று. மறுநாள் பொழுது சாய்வதற்குள் தங்கை இல்லை. பம்ப் செட் அறையில் பூச்சிமருந்து பாட்டில் மூடி திறந்து கிடந்தது. அதைக் குடித்துவிட்டு வந்து படுத்துக்கொண்டாள் என்று வீட்டுக்குள் சொன்னார்கள். வயிற்றுவலி என்று ஊருக்குச் சொன்னார்கள். போலீஸ் கீலீஸ் எதுவும் இல்லாமல் அன்றைக்கே எரித்தார்கள். மேடம் பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது பாடை கட்டியாகிவிட்டது. தங்கையின் கட்டிலுக்கு அடியில் காபி குடித்த டம்ளர் உருண்டு கிடந்தது. யாரும் பார்க்காதபோது அதைக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டார்.

“பாட்டில்ல குடிச்சிருந்தா டம்ளர்ல ஒண்ணும் இருக்காது அக்கா. காபியில கலந்து குடுத்திருந்தா இருக்கும். அந்த மருந்து லேசுல அழியற ரகம் இல்ல. இன்னிக்குப் பாத்தாலும் தெரியும்.”

“யாரு கலந்திருப்பாங்க?”

“வேற யாரு? எங்கப்பாதான்.”

அப்பாவோடு பேச்சு கிடையாது. வீட்டுப் படி மிதிப்பதும் கிடையாது. அம்மாதான் எப்போதாவது பஸ் ஏறி வந்து பார்த்துவிட்டுப் போவாராம்.

“மிஷின்தான் உங்ககிட்டயே கீதே மேடம். ஊர்ப்பட்ட சட்டியெல்லாம் பாக்கறீங்க. இதப் பாத்துட்டா முடிஞ்சுபோச்சு.”

“பாத்தாத் தெரிஞ்சிடுமே அக்கா” என்றார்.

அந்தப் பையன் என்ன ஆனான் என்று கேட்டேன். தெரியாது, விசாரிக்கவில்லை என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டம்ளரைப் பத்திரமாக வைக்கத் தெரிந்தவருக்கு அவனை ஒரு வார்த்தை விசாரிக்கத் தோன்றவில்லையா? ஜுரக்காரியிடம் சண்டை போட முடியாது. கருவாட்டுக் குழம்பை அடுப்பு மேடையில் மூடி வைத்துவிட்டு ரயிலைப் பிடித்தேன். கொளவாய் ஏரியைத் தாண்டும்போது, முகம் தெரியாத அந்தப் பெண்ணை நினைத்து அழுகை வந்தது.

அதற்குப்பின் சோதனைக்கூடத்தில் அவரைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. ஒவ்வொரு நாளும் அந்த மிஷினைத் தாண்டித்தான் தன் நாற்காலிக்குப் போக வேண்டும். பெயர் தெரியாத எவர் எவருடைய சட்டிகளோ அதில் ஏறி இறங்கின. அவர் ஊசியைப் பிடித்திருக்கும்போது அறையில் மூன்றாவதாக ஒருத்தி நிற்பதுபோல எனக்கு முதுகு சிலிர்க்கும். பெண்ணே, உன் முறை எப்போது என்று மனசுக்குள் கேட்டுக்கொள்வேன்.

மேடத்தின் அம்மா இறந்தார். மேடம் போய் முகத்தைப் பார்த்துவிட்டு, காரியத்துக்குத் தங்காமல் திரும்பிவிட்டார். கருமாதி முடிந்து கொஞ்ச நாளில், ஒரு மத்தியான வேளையில் உயரமான ஒரு கிழவர் சோதனைக்கூட வராண்டாவில் வந்து நின்றார். மடித்துக் கட்டாத வேட்டி, கையில் மஞ்சப்பை.

“மேடத்தப் பாக்கணும். நான் அதுக்கு அப்பன்.”

கொலைகாரன் எப்படி இருப்பான் என்று உற்றுப் பார்த்தேன். வெயிலில் நடந்துவந்து நாக்கு வறண்ட ஒரு கிழவராகத்தான் இருந்தார். பெஞ்சில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன்.

“நீ எந்த ஊரும்மா?”

“சதுரங்கப்பட்டினம் பக்கம். காலனி” என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.

தலையைக் குனிந்துகொண்டார். பிறகு டம்ளரில் வாய் வைத்து முழுத் தண்ணீரையும் குடித்தார்.

மேடம் வெளியே வந்தார். அப்பாவைப் பார்த்ததும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். நான் நகரப் போனேன். “இருங்க அக்கா” என்றார்.

“அந்த டம்ளரு இன்னும் உங்கிட்ட கீதா?” என்று கேட்டார் கிழவர்.

மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“நீ கவர்ல போட்டு எடுத்துகினு போனத நான் பாத்தேன். தெருக்கதவாண்ட நின்னுகினு இருந்தேன். நீயும் ஒண்ணும் சொல்லல. நானும் கேக்கல.”

“இப்ப இன்னாத்துக்குக் கேக்கற?”

“உங்கம்மா போயிட்டா. அவ இருக்கறப்ப கேக்க முடியல.” மஞ்சப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “அன்னிக்குக் காபி போட்டுக் குடுத்தவ அவ. நான் வயல்ல கெடந்தேன். மொத நாளு செத்துத் தொலைடின்னு கத்தினவன் நானு. இது ரெண்டுல எது அதக் கொண்டும்போச்சுன்னு எனக்குத் தெரியலம்மா. ஒருநாளும் அவள நான் கேட்டதில்ல. கேட்டா, நீ கத்தினதுதான்னு சொல்லிடுவாளோன்னு பயம். தெனமும் ரெண்டு வேள அவ போட்ட காபியத்தான் குடிச்சேன். ஒவ்வொரு வாட்டியும் அந்த நெனப்புதான்.”

இத்தனை வருஷம் மேடம் யாரைக் கொலைகாரர் என்று நினைத்து ஒதுக்கி வைத்தாரோ, அவர் எதிரில் உட்கார்ந்து தன் பொண்டாட்டியைச் சந்தேகப்பட்டு அழுகிறார்.

“என் வாயா, அவ கையா? அது ஒண்ண மட்டும் பாத்துச் சொல்லிடும்மா. நான் ரொம்ப நாளு இருக்க மாட்டேன்.”

மறுநாள் மேடம் அந்த டம்ளரை ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்துவந்தார். அதே மாதிரி புது டம்ளர் ஒன்றும் வாங்கிவந்திருந்தார். ஒன்றுமில்லாத டம்ளர் எப்படிக் கோடு போடுகிறது என்று முதலில் பார்க்க வேண்டுமாம். கிழவர் வராண்டா பெஞ்சில் காத்திருந்தார். கதவைச் சாத்தினோம்.

மேடம் கரைப்பானை டம்ளரில் விட்டு, அடி வளையம் கரையும்வரை சுழற்றி, சின்னக் குப்பியில் ஊற்றி, மூடினார். முதலில் புது டம்ளர் ஏறியது. கோடு தரையோடு போனது. அடுத்து, பம்ப் செட்டில் கிடந்த அதே ரகப் பூச்சிமருந்தின் ஒரு துளி. கோட்டின் நடுவில் ஒரு முள் விர்ரென்று மேலே ஏறி இறங்கியது. மூன்றாவதாகத் தங்கையின் டம்ளர். நான் மேடத்தின் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பால் கொழுப்பு என்று மேடம் காட்டிய இடத்தில் சின்னச் சின்னதாக எழும்பியது. முள் வர வேண்டிய இடம் நெருங்கியது. வந்தது. தாண்டிப் போனது. அங்கே தரைதான்.

மேடம் இன்னொரு முறை ஏற்றினார். அப்புறம் இன்னொரு முறை. தரைதான்.

“பாத்தீங்களா அக்கா?”

“பாத்தேன்.”

“அப்பாவும் இல்ல. அம்மாவும் இல்ல. அவளேதான்…” கழற்றிய கையுறையை முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் தலையைத் தடவிக் கொடுத்தேன். வேறென்ன செய்ய?

பிறகு எழுந்தார். முகம் கழுவினார். கதவைத் திறந்துகொண்டு வராண்டாவுக்குப் போனார், பின்னாலேயே நானும். கிழவர் எழுந்து நின்று, சொந்த மகளைப் பார்த்து, டாக்டரைப் பார்க்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டார்.

“இருக்குப்பா,” என்றார் மேடம்.

“எதுல?”

“காபியில. கலந்திருக்கு.”

நான் வாயைத் திறந்தேன். மேடம் திரும்பிப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். கிழவர் அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்து, வாய்விட்டுக் கதறினார். வராண்டாவில் போய்வந்தவர்கள் நின்று பார்த்தார்கள்.

“அப்ப எம் பொண்ணு சாவணும்னு நெனைக்கல. என் வாய் இல்ல. கொயந்த தெரியாமக் குடிச்சிருக்கு. தெரியாமத்தாம்மா குடிச்சிருக்கு.”

“ஆமாம்ப்பா,” என்றார் மேடம். பக்கத்தில் உட்கார்ந்து அப்பாவின் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டார்.

ஒரு வரி சேர்க்க மாட்டேன் என்று பேராசிரியரிடம் நின்றவர், அப்பாவிடம் ஒரு கொலையையே சேர்த்துச் சொன்னார்.

கிழவரை ஊரப்பாக்கத்துக்கே அழைத்துவந்து வைத்துக்கொண்டார். அவர் முகத்தில் உயிர் வந்தது. மாலையில் ரயிலடிவரை நடப்பார், டீக்கடையில் உட்கார்ந்து ஊர்க்கதை அடிப்பார். இறந்துபோன மகள் பெயரை நூறு தடவை சொல்லுவார். ஆனால் ஊர் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த மனைவியின் படத்தைக் கழற்றித் தலைகீழாகப் பரணில் போட்டுவிட்டார். வருஷம் திரும்பியபோது தெவசம் கொடுக்க மாட்டேன் என்றார். “பெத்த பொண்ணக் கொன்னவளுக்கு இன்னாத்துக்கு எள்ளுந் தண்ணியும்?” மேடம் ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

எனக்குத்தான் தாங்கவில்லை. சோதனைக்கூடத்தில் பிடித்துக்கொண்டேன்.

“உங்கம்மா இன்னா பாவம் பண்ணாங்க மேடம்?”

“செத்தவங்களுக்கு வலிக்காது அக்கா. இவரு உசுரோட கீறாரு.”

“வலிக்காதுன்னு எந்த மிஷின்ல ஏத்திப் பாத்தீங்க?”

மேடம் கொஞ்ச மாதத்தில் வேலையை விட்டுவிட்டார். பேராசிரியர் வந்து கெஞ்சிப் பார்த்தார். புது மேடு ஒன்று தோண்டப் போகிறார்கள், நீங்கள் இல்லாமல் முடியாது என்றார். மேடம் மசியவில்லை. என்னிடம் மட்டும் காரணம் சொன்னார்.

“ஒருவாட்டி சேத்துச் சொல்லிட்டேன் அக்கா. இனிமே நான் சொல்றத எத நம்பி எழுதுவாங்க?”

கிழவர் மகள் மடியில்தான் போனார், நிம்மதியாகவே. அப்புறம் மேடம் வீட்டைக் காலி செய்துகொண்டு எங்கோ வடக்கே போய்விட்டார். போன் நம்பர் மாறிவிட்டது. எனக்கு அவர் மேல் கோபம் பாதி, பிரியம் பாதி. அவர் இடத்தில் நானாக இருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று யோசித்திருக்கிறேன். அதையேதான் சொல்லியிருப்பேன் போலிருக்கிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

கிழவர் போனபின் இதைச் சொல்வதால் நோகிறவர்கள் யாரும் இல்லை. மேடத்தின் அம்மாவை நான் பார்த்ததில்லை. பேர்கூடத் தெரியாது. சுவரில் படம் இல்லாமல், எள் தண்ணீர் இல்லாமல், மகளுக்கு விஷம் கொடுத்தவள் என்ற பழியோடு அந்த அம்மா இருக்கிறார். அவர் அன்று மகளுக்குக் கொடுத்த டம்ளரில் பால் இருந்தது. காபி இருந்தது. சர்க்கரை கொஞ்சம் கூடவே போட்டிருந்தார். வேறு எதுவும் இல்லை. நான் பார்த்தேன்.